ஆறு வருடமாக மல்லாட்டை அவிக்கிறேன்

திண்டிவனம் பக்கம் பிறந்த எனக்கு அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பெயர் வாயில் தேய்ந்து வந்த சொல். ஈரோட்டில் பிறந்த என் மனைவிக்குக் கடலைக்காய். சென்னைக் கடைக்காரருக்காக இருவரும் வேர்க்கடலை என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

பஸ் நிலையத்தில் வாங்கிய அவித்த கடலை ஒரு முறை ஊசிப்போயிருந்தது. அன்று முதல் வீட்டில்தான். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு கிலோ பச்சைக் கடலை தாராளமாகக் கொள்ளும். மண் போகப் பிசைந்து கழுவ நான்கு தண்ணீராவது வேண்டும். பச்சைக் கடலைக்கு நான்கு விசில் போதும். காய்ந்ததை இரவு முழுக்க ஊறப்போட்டுப் பத்து விசில் விட்டாலும் அந்த ருசி வருவதில்லை. ஆடிப்பட்டத்துக் கடலை ஐப்பசியில் வரும்வரை காத்திருப்பதே மேல்.

முதல் வருடம் முழுக்க உப்போடுதான் மல்லுக்கட்டு. ஓட்டைச் சப்பினால் கரிக்கும், பருப்போ சப்பென்றிருக்கும். உப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். ஊரிலிருந்து வந்த அம்மா, நான் வடிகட்டுவதைப் பார்த்துவிட்டு, "சூட்டோடு ஏன்டா வடிக்கிறாய்? அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும்" என்றார். விஷயம் அவ்வளவுதான். ஆறும்போது ஓட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்க, உப்புத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. இப்போது ஒரு மணி நேரம் மூடியைத் தொடுவதில்லை. உப்பும் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு மணி நேரம் நல்லது என்றால் ஓர் இரவு இன்னும் நல்லதுதானே என்று நினைத்தது என் தவறு. பல இரவுகள் உப்புத் தண்ணீரோடு கிடந்த அலுமினியக் குக்கரின் அடியில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. நகத்தால் தடவினால் ஒவ்வொன்றும் ஒரு குழி. அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு எவர்சில்வர் குக்கர் வாங்கினேன். நான்கு வருடமாகக் குழி எதுவும் விழவில்லை. கடலை ஓட்டின் சாயம் மட்டும் உள்ளே பழுப்பு வளையமாகப் படிகிறது, புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். ரப்பர் வளையம் இரண்டு முறை மாற்றியாயிற்று.

மிஞ்சியதை வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எங்கள் வீட்டில் மிஞ்சுவது அபூர்வம். முற்றிய கடலையை எங்களுக்கு விட்டுவிட்டு, ஓட்டோடு மெல்லும் பிஞ்சுகளைப் பிள்ளைகள் முதலிலேயே பொறுக்கிவிடுகிறார்கள்.