ஏ பிளஸ் வாத்தியார்: மாக் டிராஃப்ட் சிமுலேட்டருக்குக் காசு கொடுக்கலாமா?

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதை நாமே கணினியில் ஒத்திகை பார்க்க உதவுவது மாக் டிராஃப்ட் சிமுலேட்டர். முதலில் தீர்ப்பு. விவாதம் பண்ணப் பிடிக்கும் என்றால் வாங்கலாம். நம் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

நான் டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கும், அந்த ஊர் அணியான லயன்ஸின் ரசிகன். பிப்ரவரி பிறந்தால் ஏப்ரல் கடைசி வரை எங்கள் கூட்டத்தில் பேச்சு ஒன்றுதான்: இந்த முறை எந்தக் கல்லூரி வீரரை எடுக்க வேண்டும்? அமெரிக்க ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. என்எஃப்எல்லில் 32 அணிகள், ஏழு சுற்று, மூன்று நாள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2025இல் மொத்தம் 257 பேரை எடுத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் டிராஃப்ட் எங்கள் ஊரிலேயே நடந்தது. மூன்று நாளில் 7,75,000 பேர் வந்தார்கள். பெயர் வாசிப்பதைப் பார்க்க அவ்வளவு கூட்டம்! அப்படியென்றால் அதற்கு முன் எவ்வளவு வாக்குவாதம் நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்குவாதத்துக்காகவே செய்த ஓர் இணையச் சேவைக்குச் சந்தா கட்டினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன. கீழே வரும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். உங்கள் அணியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மீதி 31 அணிகளைக் கணினி நடத்துகிறது. உங்கள் முறை வரும்போது மிச்சமிருக்கும் வீரர்களில் ஒருவரை எடுக்கலாம், அல்லது அந்த இடத்தை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம் (இதுதான் டிரேட்). ஏழு சுற்றும் முடிந்ததும் மார்க் போட்டுக் கொடுக்கிறது. இலவசப் பதிப்பில் மூன்று சுற்றுதான், நடுவில் விளம்பரம் வேறு. காசு கட்டினால் ஏழு சுற்று, டிரேட் வசதி, ஒரே டிராஃப்டில் பல நண்பர்கள் சேரும் வசதி எல்லாம் திறக்கும்.

இதில் உண்மையிலேயே மதிப்பான விஷயம், ஒருவரை எடுத்தால் இன்னொருவர் கையைவிட்டுப் போவார் என்பதை இது உறைக்க வைக்கிறது. வாய்ப்பேச்சில் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும். எங்கள் ஏடன் ஹட்சின்சனுக்கு எதிர்ப்பக்கம், பந்தெறிபவரை ஓரத்திலிருந்து பாய்ந்து பிடிக்க ஓர் எட்ஜ் ரஷர் வேண்டும், ரிசீவரைத் தடுக்கக் கார்னர்பேக் வேண்டும், தாக்குதல் வரிசைக்கு ஒரு கார்டு வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். சிமுலேட்டரில் 28ஆம் இடத்தில் எட்ஜ் ரஷரை எடுத்தால், 60ஆம் இடம் வருவதற்குள் நீங்கள் குறித்து வைத்திருந்த கார்டு நாலு பேரும் போயிருப்பார்கள். அப்போதுதான் எந்த ஆட்டநிலையில் ஆழம் இருக்கிறது, எதில் முதல் மூன்று பேருக்கு அப்புறம் காலி என்பது புரிகிறது. வருஷா வருஷம் ‘எட்ஜ், எட்ஜ்’ என்று கத்தும் எங்கள் நண்பர் ஒருவர் இதை ஆடிய பிறகு கொஞ்சம் சத்தத்தைக் குறைத்திருக்கிறார். கொஞ்சம்தான்.

பலர் சேர்ந்து ஆடும் வசதி இன்னும் நல்ல கூத்து. என் மச்சான் சிகாகோ பக்கம் இருக்கிறான், பேர்ஸ் ரசிகன். அவன் சிகாகோவை எடுத்துக்கொண்டான், நான் டெட்ராய்டை. நான் கண் வைத்திருந்த டேக்கிள் ஆட்டக்காரரை எனக்கு முன்னாலேயே தூக்கிவிட்டான்.

“அத்தான், அவன் உங்க ஆளுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

“உனக்குத்தான் டேக்கிள் தேவையே இல்லையேடா.”

“தேவை இல்லைதான். உங்களுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.”

கணினி நடத்தும் அணிகளுக்கு இந்த வன்மம் வராது. 2017இல் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு நகர்வதற்காக மூன்று பிக்குகளை, அதாவது வீரரை எடுக்கும் வாய்ப்புகளை, கூடுதலாகக் கொடுத்து, பந்தெறியும் குவாட்டர்பேக் மிட்ச் டிரபிஸ்கியை எடுத்த அணியின் ரசிகன் அவன். பின்னாளில் பெரிய நட்சத்திரமான குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் அந்த வருஷம் பத்தாவதாகப் போனார். இதை நான் நினைவுபடுத்தியதும் அவன் லைனைத் துண்டித்துவிட்டான். டிராஃப்ட் நாலாம் சுற்றிலேயே நின்றுபோனது. ஒருவர் வெளியேறினால் அவருடைய இடத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும் வசதி இந்தச் சேவையில் இல்லை. சேர்க்கலாம்.

டிரேட் பகுதிக்கு வருகிறேன். இங்கே பாதி பாராட்டு, பாதி எரிச்சல். டல்லாஸ் கவ்பாய்ஸில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்தில், 1990களின் தொடக்கத்தில், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி வைத்து ஓர் அட்டவணை போட்டார்கள். முதல் இடத்துக்கு 3000, இரண்டாவதுக்கு 2600, முதல் சுற்றின் கடைசியான 32ஆம் இடத்துக்கு 590. சிமுலேட்டர்கள் இன்றும் இந்த மாதிரி ஒரு கணக்கைத்தான் பின்னால் வைத்துக்கொண்டு ‘சம்மதம்’, ‘முடியாது’ என்று சொல்கின்றன. கணக்கு ஒன்றும் மோசமில்லை. 2023இல் லயன்ஸ் அரிசோனாவோடு செய்த மாற்றத்தைப் பாருங்கள்: 6ஆம் இடத்தையும் 81ஆம் இடத்தையும் கொடுத்து 12, 34, 168 ஆகியவற்றை வாங்கினார்கள். பழைய அட்டவணைப்படி கூட்டினால் இந்தப் பக்கம் 1785, அந்தப் பக்கம் ஏறக்குறைய அதே அளவு. ஒரு புள்ளிகூட யாரும் ஏமாறவில்லை.

எரிச்சல் எங்கே என்றால், கணினி கூட்டலை மட்டும் பார்க்கிறது. ஆறாம் சுற்று, ஏழாம் சுற்றுத் துக்கடாக்களைக் கூடை கூடையாக அள்ளிக் கொடுத்து மேலே ஏறலாம். அடுத்த வருஷத்து முதல் சுற்றையும் சேர்த்துக் கொடுத்தால் முதல் ஐந்து இடங்களுக்குள்ளேயே நுழைந்துவிடலாம். நிஜத்தில் ஒரு ஜெனரல் மேனேஜரிடம் போய் எட்டு ஏழாம்-சுற்று பிக்குகளை நீட்டினால் போனை வைத்துவிடுவார். ஏனென்றால் அணியில் இருப்பது 53 இடம்தான். அந்த எட்டுப் பேரை எங்கே உட்கார வைப்பது? ‘கடினம்’ என்ற அமைப்பை வைத்தால் இந்தக் கொள்ளை கொஞ்சம் குறைகிறது. ஆனால் சந்தா கட்டியவருக்கும் முதலில் வருவது ‘எளிது’தான். அதை மாற்றாமல் ஆடிவிட்டு ‘எனக்கு முதல் சுற்றில் மூன்று பேர்’ என்று வாட்ஸாப்பில் படம் போடுபவர்களை நம்பாதீர்கள்.

இனி மார்க். இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகத் திட்டப்போகிறேன்.

சிமுலேட்டரின் உள்ளே ஒரு தரவரிசைப் பட்டியல் இருக்கிறது. பிக் போர்டு என்பார்கள். பட்டியலில் 20ஆவதாக இருப்பவரை நீங்கள் 28இல் எடுத்தால் சபாஷ். 45ஆவதாக இருப்பவரை 28இல் எடுத்தால் குட்டு. அதாவது, நோட்ஸில் இருக்கும் வரியை வார்த்தை மாறாமல் எழுதினால் மட்டும் மார்க் போடும் வாத்தியார். பட்டியலோடு எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதைத்தான் இந்த மார்க் அளக்கிறது. பட்டியல் சரியா என்று கேட்பதற்கு இதில் இடமே கிடையாது.

இதற்கு எங்கள் 2023ஐ விட நல்ல சோதனை கிடையாது. 12ஆம் இடத்தில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், அலபாமாவின் ஜமீர் கிப்ஸ், 18இல் தடுப்பாட்ட லைன்பேக்கர், அயோவாவின் ஜாக் கேம்பெல். அன்றைக்கு இரவு எங்கள் குழுவில் விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. முதல் சுற்றில் ரன்னிங் பேக்கா? ஒரு மாதத்துக்கு முன்புதான் இன்னொரு ரன்னிங் பேக், டேவிட் மான்ட்கோமரியை ஒப்பந்தம் பண்ணினார்களே! லைன்பேக்கரை அடுத்த சுற்றில் எடுத்திருக்கலாமே! எங்கள் ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஒருமித்த தீர்மானம். அப்புறம் 34இல் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா, 45இல் பிரையன் பிராஞ்ச். அந்த சீசனில் லபோர்ட்டா 86 கேட்ச் பிடித்தார். புதுமுக டைட் எண்டுகளில் அதுவரை யாரும் அவ்வளவு பிடித்ததில்லை. ஜனவரி 2024இல் லயன்ஸ் 32 வருஷத்துக்குப் பிறகு ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை ஜெயித்தது. அடுத்த சீசனில் கிப்ஸ் மொத்தம் 20 டச்டவுன். பட்டியலோடு ஒத்துப்போவதுதான் அளவுகோல் என்றால் அந்த முதல் சுற்றுக்கு இந்த வாத்தியார் எதை நீட்டியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. பட்டியலை மீறுகிறவன் எல்லாம் மேதை ஆகிவிடமாட்டான். 2003, 2004, 2005 என்று மூன்று வருஷமும் முதல் சுற்றில் பந்து பிடிக்கும் வைட் ரிசீவர் ஒருவரை எடுத்த ஊர் இது: சார்ல்ஸ் ராஜர்ஸ், ராய் வில்லியம்ஸ், மைக் வில்லியம்ஸ். மூன்றாமவரை எடுத்த அடுத்த நிமிஷங்களில், பதினோராவது இடத்தில் டல்லாஸ் எடுத்தது டிமார்கஸ் வேரை. அவர் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். எங்கள் ஊர்ப் பெரிய ஆட்கள் முன்னால் முதல் சுற்றில் ரிசீவர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஆனால் அமோன்-ரா செயின்ட் பிரவுன் வந்தது 112ஆம் இடத்தில், நாலாம் சுற்றில். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் போனார்கள். அந்தப் பதினாறு பெயரையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். சிமுலேட்டரில் நாலாம் சுற்று வரும்போது பெரும்பாலானோர் கணினியையே எடுக்கவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

இன்னொரு பெரிய ஓட்டை: அதிர்ச்சி. கணினி அணிகள் ஒழுங்காக, தேவையும் தரவரிசையும் பார்த்து எடுக்கின்றன. நிஜ அணிகள் அப்படி இல்லை. 2024 மார்ச்சில் கர்க் கசின்ஸுக்கு நாலு வருஷம், 180 மில்லியன் டாலர் வரை என்று ஒப்பந்தம் போட்ட அட்லாண்டா, ஏப்ரலில் எட்டாவது இடத்தில் இன்னொரு குவாட்டர்பேக்கை, மைக்கேல் பெனிக்ஸ் ஜூனியரை, எடுத்தது. ‘குவாட்டர்பேக் தேவை: இல்லை’ என்று எழுதி வைத்திருக்கும் எந்த நிரலும் இதைச் செய்யாது. 2025இல் ஷெடூர் சாண்டர்ஸ் பல மாக் டிராஃப்டுகளில் முதல் சுற்று. நிஜத்தில் ஐந்தாம் சுற்றில், 144ஆவதாக, கிளீவ்லாந்துக்குப் போனார். அதுவும் அதே அணி 94ஆம் இடத்தில் டில்லன் கேப்ரியேல் என்ற வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்த பிறகு. அணிகளுக்கு நேர்காணல் இருக்கிறது, இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. நம் திரையில் உயரம், எடை, கை நீளம், 40 கெஜம் ஓட்ட நேரம், அவ்வளவுதான். அந்த ஓட்ட நேரத்தை நம்பி ஏமாந்தவர்கள் நிஜ அணிகளிலேயே உண்டு. 2017இல் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடினார், சின்சினாட்டி ஒன்பதாவது இடத்தில் எடுத்தது, வேகத்துக்கு ஏற்ற ஆட்டம் கடைசிவரை வரவில்லை.

எங்கள் அணியையே எடுங்கள். 2025இல் ஊர் முழுக்க எட்ஜ் ரஷர் கேட்டது. ஹோம்ஸ் 28இல் எடுத்தது டைலீக் வில்லியம்ஸ், நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள். 70ஆம் இடத்துக்கு ஏறிப்போய், அடுத்த வருஷத்து மூன்றாம் சுற்று பிக்குகளையும் கொடுத்து, ஐசக் டெஸ்லா என்ற ரிசீவரை எடுத்தார். எட்ஜ் வந்தது ஆறாம் சுற்றில், 196ஆவதாக. என் சிமுலேட்டர் ஓட்டங்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் வரவில்லை.

சின்னச் சின்னக் குறைகள். கல்லூரியிலேயே இன்னொரு வருஷம் இருக்கிறேன் என்று அறிவித்துவிட்ட வீரர்கள் பட்டியலில் வாரக்கணக்கில் கிடந்தார்கள். செல்போனில் டிரேட் பக்கம் திரைக்கு வெளியே ஓடுகிறது. லேப்டாப்பில் ஆடுவது உத்தமம். வேகத்தைப் பற்றியும் ஒரு யோசனை: எல்லாரும் கணினியை மின்னல் வேகத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள். 2025 டிராஃப்டில் முதல் சுற்றில் ஒரு பிக்குக்கே பத்து நிமிஷம் இருந்தது. மெதுவாக வைத்து, நண்பர்களோடு திரையைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு பிக்குக்கும் ஏன் என்று ஒருவர் வாதாட வேண்டும் என்று விதி வைத்தால் இந்தச் சேவைக்குக் கொடுத்த காசு அங்கேதான் வசூலாகிறது.

விலை பத்து டாலருக்குள், மாதத்துக்கு. முதல் சுற்றை மட்டும் விளையாடிப் பார்ப்பவருக்கு இலவசப் பதிப்பே போதும். நாலாம் சுற்றிலும் சண்டை போடுகிறவர்கள், கம்பைன் நடக்கும் பிப்ரவரி கடைசியில் கட்டி, ஏப்ரலில் டிராஃப்ட் முடிந்த மறுநாள் நிறுத்திவிடுங்கள். மார்க் வரும் பக்கத்தை அமைப்புகளில் மறைத்து வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ரத்து செய்யும் பொத்தான் ‘கணக்கு’ பக்கத்தில் இருக்காது. ‘பில்லிங்’ உள்ளே போய், கட்டண ரசீதுகளுக்கெல்லாம் கீழே, சாம்பல் நிறத்தில் இருக்கும்.