குரோசாவா: முதலில் 'இகிரு'வா, 'செவன் சாமுராய்' படமா?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் படங்களை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது, 1952-இல் வந்த 'இகிரு'. 1954-இன் 'செவன் சாமுராய்' மூன்றரை மணி நேரம் ஓடியும் அலுக்காது. பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்த கடைசிச் சண்டையில் மழையும் சேறும் நம் மேலேயே தெறிக்கும்.

ஆனால் 'இகிரு' நெஞ்சைப் பிசைகிறது. புற்றுநோய் வந்த அரசு அலுவலர், கழிவுநீர் தேங்கிய இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்க மேசை மேசையாக அலைகிறார். படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே அவர் இறந்துவிடுகிறார். மீதிக் கதையை இழவு வீட்டில் குடித்தபடி சக ஊழியர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு துணிச்சலான திரைக்கதை!

கூனிக் குறுகிய அந்த அலுவலராகவும், சாமுராய்களின் கம்பீரமான தலைவராகவும் நடித்தவர் ஒருவரே: தகாஷி ஷிமுரா. அதற்காகவே இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.