கேமராவிலா, என்லார்ஜரிலா? கருப்பு வெள்ளைப் படத்தை மென்மையாக்க

பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசலில், காலை வெயிலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவை எச்பி5 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமில் இரண்டு படம் எடுத்தேன். முதலாவதில் படம் மென்மையாக வர, லென்ஸ் முன்னால் கருப்பு நைலான் ஸ்டாக்கிங்கை (மெல்லிய காலுறை) இழுத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். இரண்டாவது சும்மா பளிச்சென்று எடுத்தது, அப்புறம் பிரிண்ட் போடும்போது அதே துணியை என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கி பிரிண்ட் பேப்பர்மேல் விழவைக்கும் கருவி) லென்ஸுக்குக் கீழே பிடித்தேன்.

எங்கே போட்டாலும் ஒன்றுதானே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கேமராவில் போட்டால் வெளிச்சம் நிழலுக்குள் கசியும், மல்லிகைச் சரத்தைச் சுற்றி ஒளிவட்டம் வரும், கூந்தல் கருப்பு கொஞ்சம் வெளுக்கும். என்லார்ஜரில், நெகட்டிவில் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறியிருப்பதால் கசிவும் தலைகீழ்: கூந்தலின் கருப்பு மல்லிகை மேல் படிந்து, படம் முழுக்க மழைக்காலச் சாயங்காலம் மாதிரி ஒரு கனம்.

ஆனால் என்லார்ஜர் வழியில் நெகட்டிவ் பத்திரம். பேப்பர்மேல் வெளிச்சம் விழும் 20 விநாடியில் 7 விநாடிக்கு மட்டும் துணியை லேசாக அசைத்தபடி பிடித்தேன், மீதி நேரடியாக. பிரிண்ட் மனசுக்குப் பிடிக்காவிட்டால் ஒரு பேப்பர்தான் நஷ்டம். கேமராவில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது, துணி வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கும்.

இருந்தாலும் முகத்துக்கு நான் கேமரா பக்கம்தான். என்லார்ஜர் பிரிண்டைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, எனக்குக் காய்ச்சலா?"