தேங்காய் துருவி முடியுமுன் அணைந்துவிடும் தராசு: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

"விலை கொறஞ்சிருக்காம், வாங்கட்டா புள்ள?" என்று சம்மாந்துறையில் இருக்கும் தோழி ஒருத்தி என் சமையலறைத் தராசைப் பற்றிக் கேட்டிருந்தார். அந்தத் தராசு அப்போதுதான் பழுதுபார்க்கப்பட்டு வீட்டுக்கு வந்திருந்தது. ஐந்து கிலோகிராம் வரை நிறுக்கும், ஒரு கிராம் வரை காட்டும், மேலே கண்ணாடித் தட்டு, கீழே இரண்டு டிரிபிள் ஏ பற்றரி என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. இதே வகைத் தராசு இப்போது பல பெயர்களில் விற்கப்படுவதால் என்னுடையதன் பெயரும் தேவையில்லை.

வாங்கியதற்குக் காரணம், வைத்தியர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம். என் கணவருக்கு இரத்தத்தில் சீனி கூடியபோது, "சோற்றை அளவாகச் சாப்பிடுங்கள்" என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு சாப்பிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தத்தம் கோப்பையே, அதாவது சாப்பாட்டுத் தட்டே, அளவு. ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் அபாயம் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டின் பெரியவர்கள் மூவருமே கோட்டுக்கு அப்பால் நின்றோம். ஆகவே அளவு என்பது எவ்வளவு என்று பார்த்துவிடலாமென்று வாங்கினேன். தராசு வந்த அன்று மாமி, "என்னகா இது, நகைக்கடையா நடத்தப் போறாய்?" என்றார்.

சோற்றில் அது செய்த உபகாரத்தை மறுக்க முடியாது. எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு இரண்டு இருந்தன, ஒன்று பழைய தகரம், மற்றது பிளாஸ்ரிக். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிப் பல காலம் மாற்றி மாற்றி அளந்து வந்தோம். நிறுத்துப் பார்த்தால் தகரச் சுண்டில் 40 கிராம் கூடுதலாக இருந்தது. அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்கு எடைக்கு வந்துவிடும் என்பதால், நான்கு சுண்டு போடும் வீட்டில் அந்த வித்தியாசம் ஒரு முழுக் கோப்பைச் சோற்றுக்கே சமனாகிறது. கணவரின் மத்தியானக் கோப்பையை அவர் கை கழுவப் போன நேரத்தில் தராசில் வைத்தேன். கோப்பையைக் கழித்து 520 கிராம் சோறு. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கிலோகலோரி இருப்பதால், கறி எதுவும் சேராமலேயே அது 670 கிலோகலோரியைத் தாண்டுகிறது.

அவரோ காலையில் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் நடப்பவர். நடப்பதால் சாப்பிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 250 முதல் 300 கிலோகலோரி வரை செலவாகும். தராசின் மொழியில் அது 200 கிராம் சோற்றுக்குச் சற்று அதிகம், எங்கள் வீட்டின் மொழியில், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மனே?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் மாமி வைக்கும் இரண்டு அகப்பை. நடையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாரத்தில் 150 நிமிடமாவது உடலை அசைத்தால் தசைகள் இரத்தத்திலிருக்கும் சீனியை எடுத்துப் பயன்படுத்தும். அந்தப் பலன் எடை குறையாவிட்டாலும் கிடைக்கும். ஆனால் பாலத்தில் ஒரு மணி நேரம் நடந்து கரைத்ததைச் சோற்றுக் கரண்டி ஒரு நொடியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்பதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் நம்பாத மனிதர், கண்ணாடித் தட்டின் கீழே எண்ணாகக் கண்டபோது ஒன்றும் பேசவில்லை. இப்போது அவர் கோப்பையில் 300 கிராம். மிச்ச இடத்தில் கீரைச் சுண்டலும் மீனும்.

சீனியும் அப்படித்தான். தேக்கரண்டி என்றால் 4 அல்லது 5 கிராம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். கூம்பாக அள்ளும் எங்கள் வீட்டுக் கரண்டி இரண்டில் 13 கிராம் வந்தது. நாளுக்கு நான்கு தேத்தண்ணி குடிப்பவருக்கு அதுவே 52 கிராம். நாள் ஒன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவர் சேர்க்கப்பட்ட சீனியை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25க்குள் வைத்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களில் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. மகன் அந்தச் சிவப்பைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டே குடித்து வந்தான். ஒரு நாள் அவனாகவே கண்ணாடிக் குவளையைத் தராசில் வைத்து, அரை லீற்றர்ப் போத்தலுக்குரிய 55 கிராம் சீனியைக் கொட்டிப் பார்த்தான். குவளையில் நான்கு விரல் உயரம் நிற்கவில்லை, ஆனாலும் அடியில் திட்டாகப் படிந்து கிடந்த அந்தச் சீனி போத்தல் வாங்கும் அவனுடைய பழக்கத்தைப் பாதியாக்கியது. முழுவதும் விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான்.

எண்ணெய்க்கு இதைவிட இலகுவான வழி இல்லை. பொரிப்பதற்கு முன் போத்தலை நிறுத்து, பொரித்து ஆறிய எண்ணெயை வடித்து ஊற்றிய பின் மறுபடி நிறுத்தால், குறைந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு தடவை மீன் பொரித்ததில் ஏறத்தாழ 70 கிராம் காணாமற் போயிருந்தது. கிராமுக்கு 9 கிலோகலோரியாக 630. வடியிலும் சட்டியிலும் ஒட்டியது போக மற்றதெல்லாம் நான்கு பேர் வயிற்றுக்குள்தான்.

இத்தனை புகழ்ச்சிக்குப் பிறகும் இந்தத் தராசை நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. காரணம் ஒன்றே ஒன்று: இரண்டு நிமிடம் அசைவில்லாமல் விட்டால் தானாக அணைந்துவிடும்.

இரண்டு நிமிடத்தில் யார் வீட்டில் தேங்காய் துருவி முடிகிறது? கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, அதைக் கொண்டுபோய்த் துருவலைக்கு அடியில் வைத்து, அரை மூடியைத் துருவி எழுந்து வந்து பார்த்தால் திரை கறுத்துக் கிடக்கும். திரும்ப அழுத்தினால், அப்போது தட்டில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் விழுங்கிவிட்டுப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கிண்ணமும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து அரைக் கிலோ இருக்கும்போது அது பூச்சியம் காட்டுவதைப் பார்த்தால், பொய் சொல்லிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். பிட்டுக்கு மா குழைக்கும்போது நிலைமை இன்னும் மோசம். மாவை நிறுத்து, தண்ணீர் தெளித்து, குழைத்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவைச் சேர்க்கும் நேரத்துக்கு அது இரண்டு முறை தூங்கி எழுந்திருக்கும். எழுப்புவதற்கான தொடு பொத்தானோ மாவும் ஈரமும் பட்ட விரலை ஏற்காது.

மற்றப் பொருள்களில் இப்படிச் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் எங்கள் சமையலில் அளந்து பார்க்க வேண்டிய முதற்பொருள் தேங்காய்தான். பச்சைத் தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறத்தாழ 350 கிலோகலோரி, அதில் மூன்றிலொரு பங்கு கொழுப்பு. காலையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும், மத்தியானம் இரண்டு கறிக்குப் பால், இரவில் பிட்டு என்று ஒரு நாளில் ஒரு முழுத் தேங்காய் போய்விடும் வீடு இது. சோற்றைக் குறைத்துவிட்டுச் சம்பலைக் கூட்டினால் எங்கே எடை குறையும்? கீரையிலும் வெள்ளரிக்காயிலும் மிகச் சரியாக இருக்கும் தராசு, தேங்காயில் கைவிடுகிறது. பாலாகப் பிழியும்போது எவ்வளவு சக்கையோடு போகிறது என்ற இன்னொரு கணக்கும் உண்டு. அதற்குள் நான் இறங்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால், அணைந்துவிடும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். பற்றரியைக் காப்பதற்கான ஏற்பாடு அது. எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு கேக் அடிப்பவருக்கும், தேங்காய்ப்பால் மாவைப் பையிலிருந்து கொட்டுபவருக்கும் இரண்டு நிமிடம் தாராளம். நான் கண்ட மாற்று வழி, ஒவ்வொரு கிண்ணத்தின் வெறும் எடையையும் அதன் அடியில் எழுதி வைப்பது. மார்க்கர்ப் பேனையால் எழுதியது பாத்திரம் தேய்க்கும் தேங்காய்ப் பொச்சும் சவர்க்காரமும் பட்டு அழிந்தது. மகளின் நகப்பூச்சால் எழுதியது நிற்கிறது. மாமியின் பழைய அலுமினியக் கிண்ணத்தின் அடியில் இப்போது சிவப்பில் 186 என்று இருக்கிறது. துருவுமுன் தேங்காய் மூடியை நிறுத்து, துருவிய பின் சிரட்டையை நிறுத்துக் கழிப்பது இன்னொரு வழி. இரண்டும் பலன் தரும். ஆனால் கழித்தல் கணக்கை நானே செய்வதென்றால், பூச்சியமாக்கும் பொத்தானுக்கு ஏன் காசு கொடுத்தேன்?

வீட்டுக்கு வெளியே இந்தக் கருவிக்கு வேலையே இல்லை என்பதையும் தோழிக்குச் சொல்ல வேண்டும். அவருடைய ஊரிலும் காத்தான்குடியிலும் கலியாண வீடுகளில் சஹன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றிப் பலர் இருந்து சாப்பிடும்போது, யாருடைய பங்கு எத்தனை கிராம் என்று எந்தத் தராசு சொல்லும்? எங்கள் பக்கத்துக் கோயில் அன்னதானத்திலும் அதே கதை. பின்னேரம் ரியூசன் முடிந்து வரும் பிள்ளை வழியில் தின்னும் றோல்ஸும், இரவு பத்து மணிக்குத் தாளம் போட்டு அழைக்கும் கொத்து ரொட்டியும் என் சமையலறைக் கணக்கில் வருவதில்லை. ஊரில் உடல் பெருத்ததற்கு உணவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. வாவிக்கு மேற்கே வயற்புறமான படுவான்கரையில் ஆளாகக் கூடி வெட்டிச் சூடடித்த வேலையை அறுவடை இயந்திரம் செய்கிறது. அந்த உழைப்புக்கென்று வைத்த சோற்றின் அளவு மட்டும் கோப்பையில் அப்படியே இருக்கிறது. சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம். 2022இல் பெற்றோல் இல்லாமற் போனபோது வீட்டுக்கு வீடு பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன; பெற்றோல் வந்தவுடன் அவை திரும்பவும் விறகு வைக்கும் கொட்டிலுக்குப் போய்விட்டன. உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டுப் பேரில் ஒருவர் மிகை உடற்பருமனோடு வாழ்கிறார் என்னும்போது, கல்லடி மட்டும் எப்படித் தப்பும்?

பழுதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்றிருக்கும் எங்கள் வீட்டில் உப்புக்காற்று எதையும் விட்டு வைக்காது. பற்றரிக்குக் கீழுள்ள சுருள்கம்பி பச்சையாகப் பூத்து, திரை மங்கி, ஒரு கட்டத்தில் எழும்பவே இல்லை. நகரத்தில் மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவர் உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்துவிட்டு, பழைய ரோச் லைட் ஒன்றின் சுருள்கம்பியை வெட்டிப் பற்றவைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்ததும் 200 மில்லிலீற்றர் தண்ணீரை நிறுத்தேன், 199 காட்டியது. எடையை உணரும் பாகம் பழுதாகவில்லை என்பது அந்த ஒரு கிராமில் தெரிந்தது. அணைந்துபோகும் நேரத்தை நீட்ட முடியுமா என்றும் கேட்டேன். அது உள்ளிருக்கும் இலத்திரனியல் சில்லின் வேலை, தன்னால் முடியாது என்றார்.

ஆகவே தோழிக்கு என் பதில்: இந்த மாதிரியை வாங்க வேண்டாம், விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம். சோற்றுக்கு மட்டுமென்றால் முள் ஆடும் பழைய வகைத் தராசு போதும். பத்து இருபது கிராம் முன்பின்னாகக் காட்டினாலும் அது நடுவில் தூங்காது. தையற்பெட்டியில் இருக்கும் அளவு நாடாவால் கணவரின் இடுப்பை மாதமொருமுறை அளந்தால் இன்னும் நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. என்னுடையதை இரவலாகத் தா என்று மட்டும் கேட்க வேண்டாம். அது இல்லாத அந்தச் சில நாட்களில் என் கணவரின் கோப்பை 400 கிராமைத் தாண்டியிருக்குமென்று எனக்கு நிச்சயம்.

அப்படியும் இலத்திரனியல் தராசுதான் வேண்டுமென்றால், கல்முனைக் கடைகளில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாத்திரத்தை மேலே வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைக்காரரிடம் ஊர்ப் புதினம் பேசிக்கொண்டே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பேச்சு முடியுமுன் திரை கறுத்துவிட்டால், அதை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.