ஜிப்சம் போர்டு சுவர் போடுறவங்க, ரெண்டாவது பக்கம் மூடுறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாருங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. போன வாரம் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, இனிமே சும்மா இருக்கக்கூடாதுன்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா இருக்கும், வீட்டுல பார்ட்டிஷன் போடப்போற யாராவது இருந்தா முழுசா படிங்க.

எங்களோடது சிங்கப்பூர் செங்காங்ல நாலறை வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (HDB) கட்டுன அடுக்குமாடி வீடு. மகளுக்கு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி கடைசிப் பரீட்சை வருஷம், ஹால்ல மாமியார் டிவி பாப்பாங்க, ரூம்ல சின்னவன் படுத்திருப்பான், பாவம் அவ சமையல்கட்டு மேசையில உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தா. அதனால ஹால்ல ஜன்னல் பக்கம் கொஞ்சம் இடத்த ஜிப்சம் போர்டுல தடுத்து ஒரு கதவு வச்சு சின்ன ரூமா ஆக்கிடலாம்னு முடிவு பண்ணோம். சிமெண்ட், செங்கல்னு எதுவும் கிடையாது, ரெண்டு மூணு நாள்ல முடியிற வேலை, சுவருக்குள்ள ராக்வூல் (சத்தத்த உறிஞ்சுற பஞ்சு மாதிரி அடைப்பு) வச்சா டிவி சத்தமும் குறையும்.

ரெண்டு பேருகிட்ட விலை கேட்டோம். ஒருத்தரு 3,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொன்னாரு, ஒரு பக்கம் முழுக்க எழுதியே குடுத்தாரு, போர்டு 12 மி.மீ., ஸ்டட் (போர்ட தாங்க உள்ள நிக்கிற செங்குத்துச் சட்டம்) எத்தனைக்கு ஒண்ணு, ராக்வூல் எவ்வளவு தடிமன், ஜாயின்ட்டுல எத்தனை கோட்டுன்னு எல்லாம் அதுல இருந்துச்சு. எனக்கு அது ஒண்ணும் புரியல, விலைய ஏத்துறதுக்குத்தான் இத்தனை எழுதுறாருன்னு நினைச்சேன். அது என் தப்பு. இன்னொருத்தரு தமிழ்ப் பையன், "அக்கா, உங்களுக்கு மன்னார்குடியா, நமக்கும் அந்தப் பக்கந்தான்"னு ஆரம்பிச்சு வீட்டுல டீ குடிச்சுட்டு, வாட்ஸ்அப்ல ஒரே வரி அனுப்புனாரு, பார்ட்டிஷன், கதவு, ராக்வூல், பெயின்ட் எல்லாம் சேத்து 2,400 வெள்ளி. நம்ம பாஷை, நம்ம ஊரு, இவரா நம்மள ஏமாத்தப்போறாருன்னு அவருக்கே குடுத்தோம். வீவக லிஸ்ட்ல இருக்கீங்களான்னு என் வீட்டுக்காரர் கேட்டதுக்கு "சின்ன வேலைதானே அண்ணே, அதெல்லாம் தேவையில்ல"ன்னுட்டாரு. அங்கயே நிறுத்தியிருக்கணும். வீவக வீட்டுல ரெனோவேஷன் பண்றதுன்னா அவங்ககிட்ட பதிஞ்ச கான்ட்ராக்டர்தான் பண்ணணும், பெர்மிட் வேணும்னா அப்ளை பண்றதும் அவங்கதான்.

முன்பணம் பாதி, 1,200 வெள்ளி, அவரோட சொந்த நம்பருக்கு பேநவ் பண்ணேன். மொதல் நாளே ஞாயித்துக்கிழமை ட்ரில்ல தூக்கிட்டு வந்துட்டாங்க, கீழ் வீட்டு ஆன்ட்டி மேல ஏறி வந்து கேட்டப்போ எனக்கு முகத்த எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல, ஞாயித்துக்கிழமையும் பொது விடுமுறையிலயும் ட்ரில்லிங் கூடாதுன்னு இந்தத் தொழில்ல இருக்கறவருக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸ்ல இருக்கேன், ஒரு ஃபோட்டோ வருது. ஃபிரேம் நிக்குது, மேல் மூலையில ராக்வூல் தெரியுது, "அக்கா உள்ள எல்லாம் போட்டாச்சு, மூடிடவா, அடுத்த பேமென்ட் போட்டீங்கன்னா இன்னைக்கே முடிச்சிடுவேன்". நானும் மீட்டிங்க்கு நடுவுல 960 வெள்ளி போட்டுவிட்டேன். அந்த ஃபோட்டோல தெரிஞ்ச மூலையில மட்டுந்தான் ராக்வூல் இருந்துச்சுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. மறுநாளே பெயின்ட்டும் அடிச்சாச்சு, பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு, மகளோட மேசைய உள்ள போட்டோம், அவரும் நாலு பக்கம் நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டாரு. பசங்களுக்கு சம்பளம் குடுக்கணும்னு சொன்னாருன்னு மிச்சம் 240 வெள்ளியையும் அப்பவே குடுத்துட்டோம்.

மூணு வாரம் கூட ஆகல. சுவரோட மேல்பக்கம் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி ஒரு கோடு, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். கதவு மூலையிலேர்ந்து சாய்வா இன்னொரு வெடிப்பு. கதவ சாத்தினா சுவரே ஆடுது. டிவி சத்தம் முன்ன மாதிரியேதான் கேக்குது. ஒரு நாள் சாயங்காலம் புக் ஷெல்ஃப் போர்டையே பிச்சுக்கிட்டு கீழ விழுந்துச்சு, மகள் அப்ப பாத்ரூம் போயிருந்தா, அவ உக்கார்ற நாற்காலி மேலதான் விழுந்துச்சு. இத எழுதும்போது கூட எனக்கு கை நடுங்குது. ஷெல்ஃப் மாட்டுவோம், அந்த இடத்துல உள்ள பிளைவுட் வைங்கன்னு நான் சொல்லியிருந்தேன், அவரும் தலைய ஆட்டினாரு, ஆனா எழுத்துல இல்ல.

ஃபோன் பண்ணா "கிளைமேட்டுக்கு அப்படித்தான் அக்கா வெடிக்கும், கொஞ்சம் புட்டி வச்சு தேச்சா போயிடும்"னாரு. ரெண்டு தடவை வரேன்னு சொல்லி வரல. அப்புறம் வாட்ஸ்அப்ல ஒரு டிக்கோட நின்னு போச்சு.

ஜோகூர்லேர்ந்து தினமும் வேலைக்கு வந்து போற ஒரு பெரியவர தெரிஞ்சவங்க அனுப்பி வச்சாங்க, முப்பது வருஷத்துக்கு மேல சீலிங், பார்ட்டிஷன் வேலைதான் அவருக்கு. வந்தவரு சுவர உடைக்கல, பையிலேர்ந்து சின்னதா ஒரு காந்தம் எடுத்து சுவர் மேல மெதுவா நகத்திக்கிட்டே போனாரு. புட்டிக்குக் கீழ ஸ்க்ரூ இருக்கற இடத்துல டக்குனு ஒட்டும், ஸ்க்ரூ வரிசை இருக்கற இடந்தான் உள்ள ஸ்டட் நிக்கிற இடம். பென்சில்ல குறிச்சுக் குறிச்சு டேப் வச்சு அளந்தா ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்ததுக்கும் 900 மி.மீ. இருக்கு. அது 600 மி.மீ.க்கு மேல போகவே கூடாதும்மா, கனமா ஏதாவது மாட்டுற சுவர்னா 400ன்னாரு. ரெண்டு மூணு ஸ்டட்ட மிச்சம் பிடிச்சதுக்குத்தான் சுவர் அப்படி ஆடியிருக்கு.

அப்புறம் போர்டப் பிரிச்சோம். 12 மி.மீ. இருக்க வேண்டிய போர்டு 9 மி.மீ. மேல வந்த கோட்டுக்கு காரணம் என்னன்னா, நம்ம வீட்டு உயரம் 2.6 மீட்டர் இருக்கும், போர்டு வர்றது 2.4 மீட்டர், அப்ப மேல ஒரு சின்ன துண்டு ஒட்டு போட்டே ஆகணும், அந்த ஒட்டுக்குப் பின்னாடி குறுக்கால ஒரு சட்டம் குடுத்து ரெண்டு போர்டோட விளிம்பையும் அதுல ஸ்க்ரூ பண்ணணும். இங்க பின்னாடி வெறும் காத்து. ஜாயின்ட் டேப்பே ஒட்டல, இடுக்குல புட்டிய அடைச்சு மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. டேப் ஒட்டி, மேல புட்டி மூணு கோட்டு, ஒவ்வொரு கோட்டும் நல்லா காஞ்ச பிறகுதான் அடுத்தது, நம்ம ஊரு ஈரத்துக்கு காயறதுக்கே ஒரு நாள் ஆகும், ஒரே நாள்ல பெயின்ட் வரைக்கும் முடிச்சாங்கன்னா எதையோ விட்டுட்டாங்கன்னு புரிஞ்சுக்கோங்கன்னாரு. கதவு மூலைக்கு நேரா போர்டு ஒட்டு வரவே கூடாதாம், கதவு திறந்து மூடுற அதிர்வு எல்லாம் அங்கதான் போய் சேருது, போர்ட எல் மாதிரி வெட்டி கதவு நிலையச் சுத்தி உக்கார வைக்கணுமாம்.

அடியில பாத்தப்பதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். போர்ட தரையிலயே உக்கார வச்சுட்டாங்க, நான் தினமும் மாப் போட மாப் போட அந்தத் தண்ணிய பேப்பரும் ஜிப்சமும் உறிஞ்சி உள்பக்கம் கறுப்பு கறுப்பா பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. தரையிலேர்ந்து 10 மி.மீ. தூக்கி அடிச்சு, ஸ்கர்ட்டிங் (சுவரோட அடியோரப் பட்டி) வச்சு மறைக்கணும், அவ்வளவுதான், அதுக்கு காசு கூட ஆகாது. என் மகள் அந்த ரூம்லதான் ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து படிச்சா.

புகார் குடுக்கலாம்னு போனப்பதான் அடுத்த இடி. வாட்ஸ்அப்ல இருந்த கம்பெனி பேர, கம்பெனிகளப் பதிவு பண்ற அக்ராவோட பிஸ்ஃபைல் வெப்சைட்ல போட்டா பதிவு எப்பவோ ரத்தாகியிருக்கு, இத நான் காசு குடுக்கறதுக்கு முன்னாடி இலவசமா பாத்திருக்கலாம். சின்னத் தொகை வழக்குகளப் பாக்கற ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிபியூனல்ல 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் தேவையில்ல, 5,000 வெள்ளி வரைக்கும் உள்ள கேஸுக்கு நமக்கு கட்டணம் 10 வெள்ளிதான். ஆனா முழுப் பேரும் தெரியாம, அட்ரஸும் இல்லாம, நிறுத்திப்போன ஒரு ஃபோன் நம்பர வச்சுக்கிட்டு யாரு மேல போடறது? ஒரு ரசீது, அதுல கம்பெனி பேர், யுஇஎன்ங்கற பதிவு நம்பர், அட்ரஸ் இருந்திருந்தா என் கையில ஏதாவது இருந்திருக்கும். முன்பணத்துக்கு பாதுகாப்பு வேணும்னா கேஸ்டிரஸ்ட்ங்கற நுகர்வோர் சங்க அங்கீகாரம் இருக்கற ரெனோவேஷன் கம்பெனிய பாருங்க, அவங்க அதுக்கு பாண்ட் (உத்தரவாதம்) எடுத்திருக்கணும்.

வேற கான்ட்ராக்டர வச்சு எல்லாத்தையும் பிரிச்சுப் புதுசா போட இன்னொரு 2,650 வெள்ளி ஆச்சு. இந்தத் தடவை நான் லீவு போட்டு வீட்டுலயே இருந்தேன். ஒரு பக்கம் போர்டு அடிச்சதும் நிறுத்தச் சொல்லி, ஸ்டட் இடைவெளிய நானே டேப் வச்சு அளந்து, ராக்வூல் கீழேர்ந்து மேல வரைக்கும் இருக்கான்னு கைய வச்சுப் பாத்து, ஷெல்ஃப் வர்ற இடத்துல பிளைவுட்ட தட்டிப் பாத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நானே ஃபோட்டோ எடுத்த பிறகுதான் மூடவும் சொன்னேன், ரெண்டாவது பேமென்ட்டும் குடுத்தேன். அவங்க ஒண்ணும் கோவிச்சுக்கல. நீங்களும் கூச்சப்படாதீங்க.

போன வாரம் கண்ணுல பட்டது என்னன்னா, வேற பேர்ல ஒரு விளம்பரம், பார்ட்டிஷன் வேலை, குறைஞ்ச விலை, தமிழ்ல பேசலாம்னு. அதுல போட்டிருக்க ஃபோட்டோ வெள்ளைச் சுவர், பக்கத்துல மரக் கதவு, கீழ் மூலையில நீலக் கலர் ஸ்கூல் பேக் ஒண்ணு சாஞ்சிருக்கும். அது என் மகளோட பேக். அந்தச் சுவரத்தான் நாங்க பிரிச்சு குப்பையில போட்டோம்.