தில்லைநகரில் என் வலது காது

நியூஜெர்சியிலிருந்து திருச்சிக்கு வந்த மூன்றாம் நாள் காலை. அம்மா என் வலப்பக்கம் நின்று ஏதோ சொல்கிறாள், எனக்கு வாயசைவது மட்டும்தான் தெரிகிறது. காதுக்குள் குளவி புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம் வேறு. விமானத்தில் அடைத்தது இன்னும் விடவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவோ "நீர் கோத்திருக்கும்டி" என்று நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி எடுத்து வந்துவிட்டாள், அதைக் காதில் விடாமல் தடுக்கவே பெரும்பாடாகிவிட்டது.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. தெருமுனை மெடிக்கலுக்குப் போய்க் காது அடைப்பு என்றேன். கடைக்காரர் காதைப் பார்க்கவில்லை, எத்தனை நாளாக என்றும் கேட்கவில்லை, ஒரு சொட்டு மருந்தும் பீட்டாஹிஸ்டின் மாத்திரை ஒரு அட்டையும் எடுத்து வைத்தார். "காது நரம்புக்கு ரத்த ஓட்டம் நல்லா வரும்மா, மூணு வேளை போடுங்க." ரத்த ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நானும் நம்பிவிட்டேன். ஒன்றரை நாள் அதிலேயே போயிற்று.

அண்ணிதான் திட்டி தில்லைநகரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டோக்கன் 31, ஒன்றே முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி இருந்தும் இல்லாத கணக்கு. ஆனால் உள்ளே போன பிறகு நடந்த வேகம்! டாக்டரம்மா காதுக்குள் பார்த்தார், அழுக்கு இல்லை, செவிப்பறை சுத்தம். சுரக்கவை என்ற அதிரும் உலோகக் கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். இடப்பக்கம் என்றதும் முகம் மாறியது. வெறும் அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் சத்தம் கூடுதலாகக் கேட்குமாம், நல்ல காதுக்குப் போனால் கோளாறு உட்காதில் என்று அர்த்தம். அங்கேயே கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தார்கள், வலது காதுக்கு 70 டெசிபல் சத்தம் வைத்தால்தான் கேட்கிறது. டாக்டர் ஃபீஸ் 500, ஆடியோகிராம் 600 ரூபாய். நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று பார்க்க எம்ஆர்ஐ எழுதினார், அதுவும் அன்று மாலையே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் ஒப்புதல் வரவே இதைவிட அதிக நாள் ஆகியிருக்கும்.

மருந்து அட்டையை நீட்டினேன். நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏன் என்றும் சொன்னார். உட்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது நூல் போல ஒரே ஒரு தமனி. அது அடைத்தால் சுற்றுவழி கிடையாது. உட்காதில் நத்தை ஓடு போலிருக்கும் சுருளின் ஓரச்சுவரில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நெருக்கமாகப் பின்னிய ஒரு பட்டை இருக்கிறது, கேட்கும் செல்களுக்குப் பேட்டரி மாதிரி. பீட்டாஹிஸ்டின் விலங்குகளில் அந்த ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் தலைசுற்றலும் காது இரைச்சலும் வரும் மெனியர் நோய் உள்ள 221 பேரிடம் ஜெர்மனியில் ஒன்பது மாதம் சோதித்து 2016-இல் வெளியிட்டபோது, தலைசுற்றல் வருவதைக் குறைப்பதில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு வந்திருக்கும் திடீர்ச் செவிட்டுத்தன்மைக்கு ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கிறதாம். எனக்கு அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நம்மூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் மருந்துகளை அனுமதிக்கும் எஃப்டிஏவின் ஒப்புதலே இல்லை.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு 52 வயது, சர்க்கரை உண்டு, மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பட்டி ஒட்டுகிறேன், தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின். ஈஸ்ட்ரோஜன் பொதுவாக ரத்தக்குழாயைத் தளர்த்துவது, உட்காதிலும் அதற்கான ஏற்பிகள் உண்டு, நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். ஆஸ்பிரின் பெரிய அளவில் போனால் உட்காதின் ரத்த ஓட்டம் குறைந்து இரைச்சல் வரும், விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், இதயத்துக்குப் போடும் சின்ன அளவில் அந்தப் பயம் பொதுவாக இல்லை. பதற்றத்தில் அட்ரினல் சுரப்பி விடும் அட்ரினலின் ரத்தக்குழாய்களை இறுக்கும். அதே சுரப்பி தரும் கார்ட்டிசாலின் உறவுக்கார மருந்தைத்தான் எனக்கு எழுதினார், ப்ரெட்னிசலோன், நாளைக்கு 60 மில்லிகிராம். இது வீக்கத்தை அடக்கத்தான், முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம் என்றபோது அந்த ஒன்றரை நாளை நினைத்து வயிறு கலங்கியது.

அந்த மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் சர்க்கரை 290-க்கு ஏறிவிட்டது. உடனே மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தச் சொல்லி, செவிப்பறை வழியாகப் போடும், அதே இன மருந்தான டெக்சாமெத்தசோன் ஊசிக்கு மாற்றினார். கேட்கவே நடுங்கியது, ஆனால் முதலில் மரத்துப்போக வைத்துவிடுகிறார்கள், எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான். அப்புறம் காதை மேலே வைத்து அரைமணி நேரம் பேசாமல் எச்சில்கூட விழுங்காமல் படுக்க வேண்டும், விழுங்கினால் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். சொன்னதுமே விழுங்கத் தோன்றியது, அந்த அரைமணி நேரம்தான் கஷ்டம். நான்கு ஊசி.

கிளம்புமுன் எடுத்த ஆடியோகிராமில் 40 டெசிபல். ஊசியாலா, தானாகத் தேறியதா என்று கேட்டேன், இதில் கணிசமானவர்களுக்குத் தானாகவும் தேறுவதுண்டு, பிரித்துச் சொல்ல முடியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு குறை, எல்லா விவரமும் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டில்தான் கிடைத்தது. டைப் செய்த சுருக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்க இன்னொரு நாள் அலைந்தேன், வெளிநாடு திரும்புகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நியூஜெர்சி திரும்பி இங்குள்ள டாக்டரிடம் சுருக்கத்தையும் ஆடியோகிராம் தாளையும் நீட்டினேன். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, எந்த ஊரிலும் அதே அடையாளம்தான். டாக்டர் கேள்வி கேட்காமல் தன் கோப்பில் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். குளவி இன்னும் போகவில்லை, இரவில் கொஞ்சம் அதிகம்.