அரைப்புள்ளிக்குக் கத்தும், எழுத்துப்பிழைக்கு வாய் திறக்காது

ஹட்டனில் எட்டுப் பழைய கொம்பியூட்டர்களை வைத்து ஐசிடி வகுப்பு நடத்துகிறேன். எல்லாவற்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். பாதுகாப்பு பெட்ச்களைத் தானே இறக்கிப் போட்டுக்கொள்ளும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' மூன்று வருஷமாக ஓடுகிறது. செய்யும் வேலையில் குறையில்லை. அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் கொன்பிக் ஃபைலில்தான் எனக்கு வழக்கு.

'50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற அந்த ஃபைலைத் திறந்தால் முக்கால்வாசி விளக்கக் குறிப்புகள்தான், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன் - ஓஃப் பண்ணுவது '20ஆட்டோ-அப்கிரேட்ஸ்' என்ற வேறு ஃபைலில். எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பது இரண்டிலும் இல்லை, அது நேரம் பார்த்து வேலைகளை ஓடவிடும் சிஸ்டம்டீ டைமரில். நைட் டேட்டாவில் இறக்க நினைத்து 50ஐ இரண்டு தரம் வரி வரியாகத் தேடினவன் நான்.

பெட்ச் கேட்டால் மெஷின் தானாக ரீபூட் ஆகட்டும், ஆனால் சாப்பாட்டு நேரத்தில், 12:30க்கு என்று இரண்டு வரி எழுதினேன். வரி முடிவில் அரைப்புள்ளியை (;) விட்டதும், பெக்கேஜ்களை இறக்கிப் போடும் ஆப்ட் அசையவில்லை, ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் காட்டிக் கத்தியது. நல்லது. திருத்தினேன். நேரம் சொல்லும் வரியில் 'ரீபூட்' என்பதில் ஓர் 'ஓ' குறைந்திருந்ததற்கு மட்டும் மூச்சு இல்லை. தெரியாத பெயரை அது கண்டுகொள்வதே கிடையாது. நேரம் சொல்லாவிட்டால் உடனே ரீபூட் என்பதுதான் அதன் வழக்கம், ஆள் உட்கார்ந்திருந்தாலும்!

இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு அப்டேட் வந்த ஒரு காலையில், பிள்ளைகள் கல்க் என்ற விரிதாளில் புள்ளிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. "கரண்ட் போயிருச்சு சேர்" என்றான் ஒருத்தன். தலைக்கு மேலே பல்ப் எரிகிறது.

இப்போது 50ஐத் தொடுவதே இல்லை. தொட்டால் பெக்கேஜ் புதுப்பிக்கும்போது உன்னுடைய ஃபைலை வைக்கவா, என்னுடையதைப் போடவா என்று கேட்டு நிற்கும். 52 என்று தொடங்கும் சின்ன ஃபைலில் என் வரிகள் மட்டும். எண் வரிசையில் வாசிப்பதால் பின்னால் வருவது செல்லும். இரண்டு சாய்கோடு போட்டுத் தமிழிலேயே குறிப்பு எழுதிவிட்டேன், எனக்கு உதவிக்கு வரும் தம்பி அதைப் பார்த்துத்தான் மாற்றுகிறான்.

'ஆப்ட்-கொன்பிக் டம்ப்' என்ற கட்டளை எல்லா அமைப்பு வரியையும் காட்டும், தப்பான பெயரையும் சரியானதைப் போலவே. அதனால் அவன் வாசிக்க, நான் 50இல் விரல் வைத்து ஒப்பிடுகிறேன். 'இந்தப் பெயர் எனக்குத் தெரியாது' என்று ஒரு வரி அதுவே சொன்னால் ஐந்து ஸ்டாரும் கொடுப்பேன். இப்போதைக்கு மூன்றரை.